பெயர் ஒன்று, சரக்கு இரண்டு!

பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடுகிறார்கள். கார் பறக்கிறது, குண்டு வெடிக்கிறது. இந்தப் படங்களை நொடிக்கு நொடி தீட்டித் திரைக்கு அனுப்புவது ஒரு தனிக் கருவி. அதற்கு கிராபிக்ஸ் கார்டு என்று பெயர்.

அமெரிக்காவில் உள்ள என்விடியா கம்பெனி, சுமார் 2 ஆண்டுக்கு ஒருமுறை புது வரிசை கார்டுகளை விற்பனைக்கு விடுகிறது. ஒவ்வொரு முறையும் வேகம் கூடுகிறது. எவ்வளவு வேகத்தை என்ன விலைக்குத் தருவது என்பது கம்பெனியின் கையில்!

அது எப்படி?

கார்டின் உயிர், அதில் உள்ள சிப். அதற்குள் கணக்குப் போடும் பகுதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைக் "கோர்" என்கிறார்கள். சில கோர்களை அடைத்துவிட்டால், அதே சிப் மலிவு கார்டுக்கு ஆகிவிடும். 2020-ல் வந்த 3090, 3080 இரண்டிலும் இருந்தது ஒரே ரகச் சிப்தான். முன்னதில் 10,496 கோர்கள் வேலை செய்தன. பின்னதில் 8,704. விலையோ 1,499 டாலர், 699 டாலர்! இதில் மோசடி இல்லை. ஒரு மூலையில் பழுதான சிப்பும் வீணாகாது, வாங்கியவருக்கும் லாபம்.

அடுத்த வரிசையில்தான் வந்தது வம்பு.

கிளம்பியது எதிர்ப்பு

2022 செப்டம்பரில், "4080" என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை என்விடியா அறிவித்தது. 16 ஜி.பி. நினைவகம் உள்ளது 1,199 டாலர். 12 ஜி.பி. உள்ளது 899 டாலர்.

நினைவகம்தானே குறைவு என்று வாங்குகிறவர் நினைப்பார். அதுதான் இல்லை! உள்ளே இருந்த சிப்பே வேறு. பெரியதில் 9,728 கோர்கள்; சின்னதில் 7,680. அண்ணன் பெயரைத் தம்பிக்கும் வைத்துவிட்டார்கள்!

விளையாட்டுப் பிரியர்கள் சும்மா விடவில்லை. "இது 4070 அல்லவா?" என்று பிடித்துக்கொண்டார்கள். அக்டோபர் 14-ந் தேதி கம்பெனி பின்வாங்கியது. பெயர் சரியில்லை என்று ஒப்புக்கொண்டது. 2023 ஜனவரியில் அதே சரக்கு "4070 டிஐ" என்ற பெயரில் கடைக்கு வந்தது. விலை 799 டாலர். பெயர் மாறியதில் 100 டாலர் குறைந்தது!

ஊகப் படம்

2025 ஜனவரியில் இன்னொரு வேடிக்கை. 549 டாலர் 5070 கார்டு, 1,599 டாலருக்கு வந்த 4090-க்குச் சமம் என்றார் கம்பெனித் தலைவர் ஜென்சன் ஹுவாங். புதுக் கார்டு ஒரு படத்தைத் தீட்டினால், மூன்று படங்கள் வரை ஊகித்து இடையில் செருகிவிடும். அவற்றையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும். சேர்க்காவிட்டால் பழைய 4090-தான் முந்துகிறது.

உங்கள் பிள்ளை கார்டு கேட்கிறானா? ஊகப் படம் இல்லாமல் நொடிக்கு எத்தனை படம் ஓடும் என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.