ஆஃபர் லெட்டருக்கு விலை கேட்டால் விலகுங்கள்

ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. கம்பெனி ஒன்றில் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்று சென்னைக்கு வரும் பிள்ளைகளின் காதில் வந்த சில வாரங்களிலேயே ‘பேக்டோர்’ என்ற சொல் விழுந்துவிடுகிறது. “பணத்தைக் கட்டுங்க தம்பி, இன்டர்வியூ சும்மா பேருக்குத்தான்” என்பார் கன்சல்டன்சிக்காரர். வீட்டு நகை அடகுக்குப் போகும். கைக்கு வருவது, கம்பெனி முத்திரை ஒட்டிய ஒரு பி.டி.எஃப். வேலையில் சேரப் போகும் நாளில்தான், அப்படி ஒரு பெயரே பட்டியலில் இல்லை என்பது தெரியவரும்.

டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்கள், வேலை தருவதற்காக யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கின்றன. திருப்பித் தரப்படும் டெபாசிட், லேப்டாப் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

துறை மாறி வருபவர்களுக்கு வைக்கப்படும் வலை இன்னும் ஆபத்தானது. மெக்கானிக்கல் படித்தவரோ, சில வருடம் வங்கி விற்பனையில் இருந்தவரோ டெஸ்டிங் கோர்ஸ் முடித்ததும், “ஃப்ரஷர்னா யாரும் எடுக்க மாட்டாங்க, மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்” என்கிறார்கள். பேஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் அச்சாகி வரும். ஆனால், பின்னணியைச் சரிபார்ப்பவர்கள் உங்கள் யு.ஏ.என். எண்ணின் வருங்கால வைப்பு நிதிப் பதிவையும் பார்க்கிறார்கள். அந்த மூன்று வருடங்களுக்கு அங்கே ஒரு ரூபாய்கூட வரவாகியிருக்காது. வேலையில் சேர்ந்து பல மாதம் கழித்துக்கூட இது வெளிப்பட்டு, அன்றைக்கே நீங்கள் வெளியே அனுப்பப்படலாம். போலி ஆவணத்தை உண்மையென்று காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம். அச்சடித்தவர் தப்பிவிடலாம், கொடுத்தவர் பெயர் பதிவில் நிற்கும். பழைய வேலையில் நீங்கள் உண்மையிலேயே கற்ற வாடிக்கையாளர் அனுபவமும் கணக்கறிவும் பொய்யான மூன்று வருடத்தைவிட மதிப்புள்ளவை என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது, குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டு. இதில் அரைகுறைத் தகவல்கள்தான் அதிகம் உலவுகின்றன. ‘பாண்டு செல்லவே செல்லாது’ என்பது தவறு. விஜயா வங்கி அதிகாரி ஒருவர் மூன்று ஆண்டுகள் முடியுமுன் விலகிய வழக்கில், அவர் கட்டிய 2 லட்சம் ரூபாய் சரியே என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக, எழுதிய தொகை முழுவதையும் கட்டியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. ஒப்பந்தத்தில் உள்ள தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. விருப்பமில்லாதவரை வேலையில் தொடரும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. எனவே, கையெழுத்திடும் முன் தொகையையும் காலத்தையும் படித்துப் பாருங்கள்; நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

பாண்டுக்கு ஈடாகக் கேட்டாலும், அசல் சான்றிதழ்களை மட்டும் எந்த நிலையிலும் ஒப்படைக்காதீர்கள். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருளல்ல, பாக்கிக்கு ஈடாக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரி ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறது. சரிபார்க்க வேண்டுமென்றால் உங்கள் எதிரிலேயே பார்த்துத் திருப்பித் தரட்டும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பணி நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. ஊதியத் தொகுப்பின்படி, ஒருவர் விலகினாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது; பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பின்றி அந்த உதவியைப் பெறலாம்.

மோசடி உள்ளூர் வேலையோடு நிற்பதில்லை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப்போய், மியான்மரின் இணைய மோசடி மையங்களில் இளைஞர்களை அடைத்த கொடுமையும் 2022-இல் வெளிவந்தது. வெளிநாட்டு வேலை என்றால், முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால், அவமானம் என்று வீட்டில் மறைக்காதீர்கள். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காமல் வையுங்கள். இணையவழியில் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, மோசடிக்காரரின் கணக்கில் அந்தப் பணத்தை முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். நேரில் கொடுத்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.