தொலைவு ஒன்று, காலம் இரண்டு

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் வழி நூறு கிலோமீட்டர் எனின், மீளும் வழியும் நூறு கிலோமீட்டரேயாம். ஆகவே, ஒரே வேகத்தில் செல்லும் ஊர்திக்குப் போவதற்கும் வருவதற்கும் ஒரே அளவான நேரமே வேண்டும் என்பது யாவரும் கொள்ளும் கணக்கு. நிலத்துக்குப் பொருந்தும் இக்கணக்கு வானத்துக்குப் பொருந்துவதில்லை. டில்லி விமான நிலையத்துக்கும் டோக்கியோ நகரின் ஹானெடா விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட வான்வழி இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

இவ்விரு நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 5,900 கிலோமீட்டர் ஆகும். அவ்வழி இமயத்தைக் கடந்து திபெத்துப் பீடபூமியின் மேலே செல்வது. அப்பீடபூமியின் சராசரி உயரம் 4,500 மீட்டர் அளவினது. பறக்கும்போது விமானத்தினுள் காற்றழுத்தம் திடீரெனக் குறையுமாயின், பயணிகள் இயல்பாக மூச்சு விடும்பொருட்டு விமானி ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்குதல் வேண்டும். அதனினும் உயர்ந்த நிலம் கீழே இருப்பின் எங்ஙனம் இறங்குவது? ஆதலின், விமானங்கள் பெரும்பாலும் இமயத்துக்குத் தெற்கே கிழக்கு நோக்கிப் பறந்து, பின்னர்ச் சீன நாட்டின் மேலாகச் செல்கின்றன. வழி நீளினும் உயிருக்குக் காப்பு உண்டு.

இவ்வழியில் டோக்கியோவுக்குச் செல்ல ஏறத்தாழ ஏழரை மணி நேரமும், மீண்டு வர ஒன்பதரை மணி நேரமும் ஆகின்றன. இவ்வேற்றுமைக்குக் காரணம் காற்றே. வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாட்டாலும் புவியின் சுழற்சியாலும், 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகின்றது. ஜப்பானின் மேல் குளிர்காலத்தில் இதன் விரைவு மணிக்கு 300 கிலோமீட்டரையும் கடப்பதுண்டு. மணிக்கு 900 கிலோமீட்டர் விரைவுள்ள விமானத்தை 150 கிலோமீட்டர் விரைவுள்ள காற்றுப் பின்னின்று தள்ளினால், அது 1,050 கிலோமீட்டர் செல்லும். எதிர்த்து வீசினால் 750 கிலோமீட்டரே செல்லும்.

கடிகாரமோ இவ்வுண்மையை மறைத்துவிடும். டோக்கியோவின் நேரம் நம் நாட்டு நேரத்துக்கு மூன்றரை மணி முற்பட்டது. எனவே, கடிகாரங்களை மட்டும் நோக்குவார்க்குப் போகும் பயணம் பதினொரு மணியாகவும், மீளும் பயணம் ஆறு மணியாகவும் தோன்றும். விரைந்த பயணம் நெடியதாகவும், நெடிய பயணம் விரைந்ததாகவும் தோன்றுவது வியப்பன்றோ!

இக்காற்றை முறையாக அளந்தறிந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி ஆவார். அவர் 1920-களில் டடேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவை செல்லும் போக்கை அளந்தார். தாம் கண்டதை 1926-இல் எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். உலக மக்கள் அனைவருக்கும் பொதுவாக அமைக்கப்பட்ட மொழி அது. எனினும் அதனைக் கற்றவர் சிலரே. அதனால் அவ்வுண்மை நெடுங்காலம் வெளிநாட்டார் கருத்தில் பதியவில்லை. 1944-இல் ஜப்பானின் மேல் உயரப் பறந்த அமெரிக்கப் போர் விமானங்கள் அக்காற்றின் கடுமையை எதிர்பாராது கண்டு திகைத்தன.

இன்று விமானி தொலைவை மட்டும் எண்ணி எரிபொருள் நிரப்புவதில்லை. எதிர்க்காற்றுக்கும், வேறு நிலையம் நாடிச் செல்வதற்கும், அதன் பின்னும் அரை மணி நேரம் வட்டமிடுவதற்கும் போதிய எரிபொருளைக் கணித்தே புறப்படுகிறான். நூற்றுக்கணக்கானோர் உயிர் அக்கணக்கில் அடங்கியுள்ளது. கண்ணுக்குப் புலப்படாத காற்றையும் கணக்கில் கொள்வதே அறிவுடைமையாகும்.