விழுங்கு செல்லா, அமீபாவா?

1986-ல் சான் டியேகோ வனவிலங்குப் பூங்காவில் கருவுற்றிருந்த மாண்ட்ரில் குரங்கு ஒன்று மூளை அழற்சியால் இறந்தது. அதன் மூளைத் திசுவில் அமீபாக்கள் இருந்தன. அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கோவிந்த விஸ்வேஸ்வரா அவற்றைக் குரங்கின் சிறுநீரக செல்களில் வளர்த்தார். மூளையைத் தாக்கும் இன்னோர் அமீபாவான அகாந்தமீபாவுக்குப் போதுமான, பாக்டீரியா பூசிய அகார் தட்டில் இவை வளர மறுத்தன. இது வேறு உயிரி என்பது தெளிவானது. 1993-ல் அவரும் சக ஆய்வாளர்களும் அதற்கு 'பாலமூத்தியா மாண்ட்ரில்லாரிஸ்' என்று பெயரிட்டனர்.

அடுத்து அவர்கள் பழைய கண்ணாடித் தகடுகளை எடுத்தார்கள். அகாந்தமீபா தாக்கி இறந்ததாக முன்பு முடிவு கட்டப்பட்ட மனிதர்களின் மூளைத் திசு அவற்றில் இருந்தது. முயலில் உருவாக்கிய, பாலமூத்தியாவை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஒளிரும் சாயத்தோடு சேர்த்துச் சோதித்தபோது, பல தகடுகளில் அமீபாக்கள் பச்சையாக ஒளிர்ந்தன.

நோயியல் நிபுணர்களின் கண்ணுக்கு இது தப்பியதில் வியப்பில்லை. வழக்கமான சாயமேற்றலில் அமீபா, அழற்சி உள்ள இடத்துக்குப் படையெடுத்து வரும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்லைப் போலவே தெரியும். அளவும் ஏறக்குறைய அதே. வெளிறிய உடலும் அதே. உட்கருவின் நடுவே கருத்துத் தடித்து நிற்கும் நியூக்ளியோலஸைத் தேடிப் பார்த்தால்தான் சந்தேகம் எழும். பாலமூத்தியாவில் சில சமயம் இது ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கும். இரத்தக் குழாய்களைச் சுற்றி அமீபாக்கள் கூட்டமாக மொய்த்திருப்பதும் நல்ல தடயம். திசுவில் அமீபா கட்டிக்கொண்ட தடித்த சுவருடைய உறைகள் தென்பட்டால், குளத்து நீரோடு மூக்கின் வழியே ஏறிச் சில நாட்களில் உயிரைப் பறிக்கும் நேக்ளேரியாவை விலக்கிவிடலாம். அது மூளைக்குள் உறை கட்டுவதில்லை. ஆனால் அகாந்தமீபாவா, பாலமூத்தியாவா என்பதைச் சாதாரண நுண்ணோக்கி உறுதியாகச் சொல்லாது. அதற்கு எதிர்ப்பொருள் சோதனையோ மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையோ தேவை.

இந்தச் சோதனைகளை யாராவது கேட்க வேண்டும் என்பதுதான் சிக்கல். பாலமூத்தியா நோய் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊர்ந்து வளர்வது. ஸ்கேனில் கட்டியாகவோ காசநோயாகவோ தோன்றும். அமீபாவை நினைத்துப் பார்க்காத மருத்துவமனையில், பிரேதப் பரிசோதனைக்குப் பிறகே நோயின் பெயர் தெரியவருகிறது. அவகாசம் இருந்தும் நோயாளியை இழப்பது கொடுமை.

பெயர் உரிய நேரத்தில் தெரிந்தால் என்ன ஆகும்? 2021-ல் வலிப்போடு வந்த கலிஃபோர்னிய நோயாளி ஒருவரின் மூளைத் துணுக்கில் பாலமூத்தியா இருப்பது உறுதியானது. முதலில் கொடுத்த மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதித்தன. சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் 2018-ல் வெளியான ஓர் ஆய்வகக் கட்டுரையைத் தேடிப் பிடித்தார்கள்: ஐரோப்பாவில் சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் நைட்ராக்ஸோலின் இந்த அமீபாவைக் கொல்கிறது. அமெரிக்காவில் அனுமதி பெறாத மருந்து அது. சிறப்பு அனுமதி வாங்கி, சீனாவிலிருந்து தருவித்துக் கொடுத்தார்கள். மூளையில் இருந்த புண்கள் சுருங்கின. அவர் வீடு திரும்பினார்.