மெம்பிஸ் நகரின் மௌன ஊர்வலம்

1968ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள் மாலை, ஐக்கிய அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலே, தாம் தங்கியிருந்த விடுதியின் மாடித் தாழ்வாரத்தில் நின்ற மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். அப்பொழுது அவருக்கு வயது 39.

அதன்பின் நிகழ்ந்தவற்றைக் கூறுவோர் பெரும்பாலும் தீயைப் பற்றியே கூறுவர். அது பொய்யன்று. நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களிற் கலகம் மூண்டது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். வாஷிங்டன் வீதிகளிலே படைவீரர் காவல் நின்றனர். அகிம்சையைப் போதித்தவருக்கு இதுவா அஞ்சலி என்று பலர் வினவினர். அமைதியாக வந்தவரையே சுட்டு வீழ்த்திய பின்னர் அமைதியை எம்மிடம் எவ்வாறு கேட்பீர் என்பது வீதியில் நின்ற இளைஞரின் எதிர்வினா. அதற்கு விடை கூறுதல் எளிதன்று.

ஆனால் அவர் இறந்த ஊரிலேயே வேறொரு விடை எழுந்தது. மெம்பிசுக்கு அவர் ஏன் சென்றார்? அவ்வாண்டு பெப்ரவரி 1ஆம் நாள், மழைக்கு ஒதுங்கிய குப்பை அள்ளுந் தொழிலாளர் இருவர், குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்தனர். பன்னிரண்டாம் நாள் ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்கள் ஏந்திய அட்டைகளில் இருந்த வாசகம், "நான் ஒரு மனிதன்" என்பதே. கூலி உயர்வு கேட்டவர்கள் இதையும் எழுதவேண்டியிருந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

மார்ச் 28இல் கிங் தலைமையில் நடந்த ஊர்வலம் கலவரமாயிற்று; பொலிசாரின் குண்டுபட்டு ஓர் இளைஞன் இறந்தான். அகிம்சை தோற்றது எனப் பத்திரிகைகள் எழுதின. மற்றோர் ஊர்வலத்தை அமைதியாக நடத்திக் காட்டவே அவர் மீண்டும் வந்தார், அதற்குள் கொலையுண்டார்.

ஏப்பிரல் 8ஆம் நாள் அவ்வூர்வலம் நடந்தது. அவர் மனைவி கொரெற்றா, கணவரின் நல்லடக்கத்துக்கு முதல்நாள், பிள்ளைகள் மூவருடன் முன்னே நடந்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையருமாகப் பல்லாயிரவர் பின்சென்றனர். பாட்டில்லை, முழக்கமில்லை, காலடி ஓசை மாத்திரமே கேட்டது.

மறுநாள் அட்லாண்டாவிலே, கோவேறு கழுதைகள் இழுத்த பண்ணை வண்டியிலே அவர் உடல் சென்றது. பதினோராம் நாள், இழுபறிப்பட்டிருந்த வீட்டுரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜோன்சன் ஒப்பமிட்டார். வேலைநிறுத்தப் பேச்சுக்கென அவர் தம் அதிகாரி ஒருவரையும் மெம்பிசுக்கு அனுப்பினார். தொழிற்சங்கத்தை ஏற்கவே மாட்டோமென்று இரண்டு மாதமாக மறுத்து நின்ற மாநகர நிர்வாகம், ஏப்பிரல் 16ஆம் நாள் அதனை அங்கீகரித்தது, கூலியும் உயர்ந்தது.