ஏபிகே கோப்பும் ஏஐ சொல்லும் ஜோசியமும்

‘கல்யாணப் பத்திரிகை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு, வருகிறது. போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான் என்ற பெயர்களிலும் வரும். விவரம் தெரிந்த பிள்ளைகள் அதைப் பிரித்து ஏஐயிடம் கொடுத்து, “ஆபத்து இருக்கிறதா?” என்று கேட்கிறார்கள். “இல்லை” என்று பதில் வந்தால் நம்பிவிடாதீர்கள்.

செயலியாக மாறும்போதே நிரலர் எழுதிய குறிப்புகள் போய்விடும். பெயர்களும் பெரும்பாலும் ஏ, பி, சி என்று சுருக்கப்பட்டிருக்கும். பிரம்மதேசத்துச் சோழர் கோயில் கல்வெட்டில் எழுத்து சிதைந்திருந்தால், பதிப்பிக்கிறவர் அங்கே புள்ளி வைத்துவிடுவார். ஏஐ பல நேரம் புள்ளி வைக்காது. பொருத்தமாகத் தோன்றுவதை எழுதி நிரப்பிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், வந்த கோப்பு வெறும் கூடாக இருப்பது. நிறுவியதும் ‘அப்டேட்’ கேட்டு, எஸ்எம்எஸ் திருடும் பகுதியைப் பிறகுதான் இறக்கும். கோப்பில் இல்லாததை யார் பிரித்தாலும் பார்க்க முடியாது.

பிரித்துப் பார்ப்பதே வீண் என்று சொல்ல வரவில்லை. 2019-ல் ‘டிட்ராக்’ என்ற தீநிரலை ஆராய்ந்தவர்கள், அதற்குள் கூடங்குளம் அணுமின் நிலைய வலையமைப்பின் பயனர் பெயர் பதிந்திருப்பதைக் கண்டார்கள். அக்டோபர் 29-ல் அணுமின் நிலையம் மறுத்தது. மறுநாளே, நிர்வாகப் பணிக் கணினி ஒன்றில் அது புகுந்தது உண்மை என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அங்கே பேசியது கோப்பில் இருந்த எழுத்து, ஊகம் அல்ல.

இப்படிப் பிரித்துப் பார்க்கச் சட்டம் விடுகிறதா? 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, மென்பொருளை முறைப்படி வைத்திருப்பவர் அது இயங்கும் விதத்தை ஆராய இடம் தருகிறது. வேறு மென்பொருளோடு இணைத்து இயக்கத் தேவையான தகவல் வேறெங்கும் எளிதில் கிடைக்காதபோது, அதைத் தேடி எடுக்கவும் விடுகிறது. திருட்டுப் பிரதிக்கு இந்தச் சலுகை கிடையாது. தெரிந்தே அதைக் கணினியில் பயன்படுத்தினால் 63பி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. வேலை செய்யும் நிறுவனத்தின் நிரலை வெளி ஏஐயில் ஏற்றுவது தனி வம்பு. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும்.

ஏற்கெனவே நிறுவிவிட்டீர்களா? டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். பிறகு தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் எழுத்துப் புகார். வந்த செய்தியையும் கோப்பையும் அழிக்காதீர்கள். 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் மின்னணுப் பதிவின் ‘ஹாஷ்’ எண் (கோப்பின் கைரேகை போன்றது) கேட்கப்படும். அதை எடுக்க மூலக் கோப்பு வேண்டும். ஏஐ எழுதித் தந்த விளக்கம் அந்த இடத்துக்கு வராது.