எம்.பி. சீனிவாசனும் சேர்ந்திசையும்

ஹுன்னஸ்கிரியவிலே பாடசாலைக் காலைக் கூட்டத்தில் முந்நூறு மாணவர் தேசிய கீதம் பாடினாலும் ஒலிப்பது ஒரே மெட்டுத்தான். இது ஒருமித்துப் பாடுதல். சேர்ந்திசை வேறு. அதிலே பாடகர் ஸொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்னும் குரற்பிரிவுகளாக நின்று, ஒரே வேளையில் வெவ்வேறு ஸ்வரங்களைப் பாடுவர். மாணவர்கள் இவ்வேறுபாட்டை மயங்காது விளங்கிக்கொள்க. ருஷ்ய ஓர்த்தடொக்ஸ் தேவாலயங்களில் வாத்தியமின்றியே இவ்வாறு பாடுவது மரபு.

தமிழில் இம்முறைக்கு வழிசமைத்தவர்களுள் முதன்மையானவர் எம்.பி. சீனிவாசன். 1925 இல் சித்தூரில் பிறந்தவர். 1960 இல் ‘பாதை தெரியுது பார்’ திரைப்படத்துக்கு இசையமைத்தார். 1961 இல் ‘கால்ப்பாடுகள்’ என்ற மலையாளப் படத்துக்காக யேசுதாஸை முதன்முதலிற் பாடவைத்தவரும் இவரே. இது பலர் அறியாத செய்தி.

1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். அதிற் பாடியோரிற் பலர் தொழில்முறைப் பாடகர் அல்லர். பாரதியார் பாடல்களைப் பல குரல்களுக்குப் பிரித்தமைத்தமை இவரது பெருஞ்சாதனை. இது எளிதன்று. கர்நாடக இசையில் கமகம் ஸ்வரத்தை அசைத்துக்கொண்டேயிருக்கும். வெவ்வேறு குரல்கள் ஒத்தொலிப்பதற்கோ ஸ்வரம் அசையாது நிற்கவேண்டும். எங்கே அசைப்பது, எங்கே நிறுத்துவது என்று இசையமைப்பாளர் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். தவறினால் இராகம் சிதையும், அல்லது குரல்கள் மோதும்.

திரைப்படங்களுக்கு வாத்தியம் வாசித்த கலைஞர்களுக்குச் சங்கம் அமைப்பதிலும் முன்னின்றார். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார். அவருக்குப் பின்னரும் சென்னைக் குழு பாடிவந்தது.