பழைய ஹைலக்ஸை நாளாந்த வண்டியாக்குவது

2020 மார்ச்சில் இலங்கைக்குள் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கான தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய கெப் வாகனங்களுக்கு வந்த விலையைப் பார்த்தவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். தடை நீங்கிய பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய கெப் ஒரு வெங்காயச் செய்கையாளருக்கோ சிறு வியாபாரிக்கோ எட்டும் விலையில் இல்லை. அதனால்தான் வளவுக்குள் வருடக்கணக்காக நிற்கும் தொண்ணூறுகளின் டொயோட்டா ஹைலக்ஸை எழுப்பலாமா என்று வடக்கில் பலரும் கேட்கிறார்கள்.

எழுப்பலாம். 1988 முதல் 1997 வரை வந்த அந்தத் தலைமுறை ஹைலக்ஸ் அதற்குத் தகுதியான வண்டி. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், கணினி எதுவும் இல்லை, உதிரிப்பாகம் இன்னும் கிடைக்கிறது. 2,446 கன சென்ரிமீற்றர் கொண்ட 2L, 2,779 கொண்ட 3L இரண்டுமே இங்கு உள்ள மெக்கானிக்மாருக்குக் கை பழகியவை. ஆனால் பெரும்பாலான உரிமையாளர்கள் கையில் உள்ள பணத்தை முதலில் பெயின்ற்றுக்கும் எஞ்சினுக்கும் கொட்டுகிறார்கள். வண்டி வழியில் நிற்பது பெரும்பாலும் அந்த இரண்டாலும் அல்ல. ஒரு இறப்பர்க் குழாய், ஒரு பெல்ற், கறள் பிடித்த ஒரு வயர் முனை, ரேடியேட்டருக்குள் ஊற்றிய தண்ணீர், இவைதான் நிறுத்துகின்றன. எதை முதலில் செய்வது என்ற ஒழுங்கு தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

முதலில் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே குனியுங்கள். புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் இரும்பில் அடித்திருப்பவற்றோடு பொருந்த வேண்டும். 2L இருந்த இடத்தில் 3L இறக்கிய கெப்கள் ஏராளம். இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள், மாற்றுவது சுலபம். அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பதியாமல் விட்டால் விற்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் சிக்கல் வரும்.

அடுத்தது சேசிஸ். ஹைலக்ஸின் பலம் அதில்தான் இருக்கிறது, அதன் முடிவும் அதில்தான். பெட்டி வடிவில் மூடிய இரும்பு என்பதால் கறள் உள்ளே தொடங்கி வெளியே வரும். வெளியே தெரியும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். கெபினுக்குப் பின்புறம், பின் அச்சுக்கு மேலே சேசிஸ் வளையும் இடம், ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் கொளுக்கிகளைச் சுற்றிய பகுதி ஆகிய மூன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். உக்கியது மந்தமாகச் சத்தமிடும், சில இடத்தில் சுத்தியல் உள்ளேயே போய்விடும். அடியில் புதிதாகக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

யாழ்ப்பாணத்து வண்டிகளுக்கு இதில் ஒரு தனி வரலாறும் உண்டு. பண்ணையிலும் காரைநகரிலும் கடலுக்கு நடுவே போகும் வீதிகளில் ஓடிய வண்டி உப்புக் காற்றைக் குடித்திருக்கும். மீன் ஏற்றிய கெப் இன்னும் மோசம். ஐஸ் உருகி, உப்போடு பின் தட்டின் துளைகளால் ஒழுகி, நேரே சேசிஸின் மேல்தான் விழுகிறது. கெபின் தகரத்தை வெட்டி ஒட்டலாம், கதவை மாற்றலாம். ஸ்பிரிங் கொளுக்கி இருக்கும் இடத்தில் சேசிஸ் உக்கியிருந்தால் அந்த வண்டியை வாங்க வேண்டாம், சொந்த வண்டியென்றால் அதில் பணம் போட வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கே ஒட்டுப் போட்டாலும், சுமையோடு குழியில் விழும் ஒவ்வொரு முறையும் முழுப் பாரமும் அந்த ஒட்டின் மேல்தான் இறங்கும்.

சேசிஸ் தேறினால் எஞ்சினைத் தொடுவதற்கு முன் பிறேக். ஓடாத வண்டியால் ஒருவருக்கும் தீங்கில்லை, நிற்காத வண்டி அப்படியல்ல. பிறேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகை வரை இறங்கிவிடும். நீண்ட நேரம் பிறேக் பிடித்து ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிரம்பி, பெடல் தரைமட்டும் போகும். அதே ஈரம் சிலிண்டர்களையும் உள்ளிருந்து கறள் பிடிக்க வைக்கும். வருடக்கணக்காக நின்ற வண்டியில் ஒயிலை முழுவதும் வடித்து மாற்றுவதோடு, பின் சில்லுகளின் சிலிண்டர்களையும் இறப்பர்க் குழாய்கள் எல்லாவற்றையும் பேசாமல் புதிதாகப் போடுங்கள். பழைய இறப்பர்க் குழாய் வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை மிதிக்கும்போது ஒயிலை உள்ளே விடும், காலை எடுத்த பிறகு திரும்பி வர விடாது. ஒரு பக்கச் சில்லு மட்டும் சூடேறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் குழாயைத்தான்.

ஹைலக்ஸில் பலரும் கவனிக்காத இரண்டு பிறேக் சாமான்கள் உண்டு. ஒன்று, பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும் சுமை உணரும் வால்வு. பின்னால் சுமை இருந்தால் பின் பிறேக்குக்குக் கூடுதல் அழுத்தம், வெறும் வண்டியென்றால் குறைவு என்று அது பிரித்துக் கொடுக்கிறது. பழைய வண்டிகளில் அது கறளால் இறுகி ஒரே நிலையில் நிற்கும், அல்லது யாரோ கழற்றிவிட்டிருப்பார்கள். அப்படியான கெப் மழையில் வெறுமையாக ஓடும்போது பின் சில்லுகள் முந்திப் பூட்டிக்கொண்டு வால் வீசும். மற்றது வெற்றிடப் பம்ப். டீசல் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியில் அடைப்பு இல்லை. அதனால் பெற்றோல் எஞ்சின்போல பிறேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தானாகக் கிடைக்காது. அதற்கென ஒரு சிறு பம்ப்பை டொயோட்டா ஒல்ரனேட்டரின் பின்புறத்தில் பொருத்தியிருக்கிறது. பெடல் திடீரென்று கல்லாக இறுகினால், அல்லது ஒல்ரனேட்டரின் பின்னால் ஒயில் வழிந்தால் அந்தப் பம்ப்பைப் பாருங்கள். மலிவான மாற்று ஒல்ரனேட்டர் வாங்கும்போது பம்ப்போடு சேர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

இனித் தண்ணீர். வடக்கில் ஹைலக்ஸ் எஞ்சின்களைக் கொல்வது இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

குடாநாடு முழுவதும் மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீரில் அந்தச் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுவே. ரேடியேட்டர் குறையும்போதெல்லாம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வந்தால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும், எஞ்சினுக்குள் சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் பாதைகளிலும் அதே வெள்ளைப் படிவு ஏறும். சுண்ணாம்பு வெப்பத்தை எளிதில் கடத்தாது. மீற்றர் ஊசி நடுவில் நிற்கும்போதே ஹெட்டின் சில இடங்கள் அளவுக்கு மீறிச் சூடாகும். இந்த வகை எஞ்சின்களில் ஹெட்டின் பலவீனமான இடம் வால்வுகளுக்கு இடையில் உள்ள மெல்லிய பகுதி. நன்றாகக் கொதித்த எஞ்சினின் ஹெட்டைக் கழற்றினால் வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஆகவே ரேடியேட்டரைக் கழற்றி, ரேடியேட்டர் வேலை செய்யும் கடையில் கொடுத்து, மேல் தொட்டியைத் திறந்து குழாய்களைக் கம்பி விட்டுத் துப்புரவாக்குங்கள். பழைய செம்பு ரேடியேட்டருக்கு இதைச் செய்யலாம், அதனால் அதை எறிந்துவிட்டு மலிவான அலுமினியத்துக்குப் போக வேண்டாம். எஞ்சின் புளொக்கில் உள்ள வடிகாலையும் திறந்து, சேறு நின்று தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவ வேண்டும். பிறகு கூலன்ற். உறைபனி விழாத ஊரில் அது எதற்கு என்று கேட்பார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. உள்ளே கறள் பிடிக்காமல் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நமக்கு வேண்டிய வேலைகள். கூலன்ற்றோடு கலக்க வடித்த நீர் வாங்குங்கள், பற்றரிக்கு விடுவதற்காகக் கடைகளில் விற்பது. அமிலம் கலந்த போத்தலோடு அதை மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

ரேடியேட்டர் மூடியும் ஒரு பாகம்தான். 0.9 அளவு என்று குறித்த மூடி நன்றாக அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 118 பாகை அளவில்தான் கொதிக்கும். மூடியின் இறப்பர் போனால் அது 100 பாகைக்கு இறங்கிவிடும். சூடான நாட்டுக்குத் தேர்மோஸ்டாற் தேவையில்லை என்று கழற்றி எறியும் பழக்கத்தையும் விட வேண்டும். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமெடுக்கும், டீசல் கூடும், தேய்மானம் கூடும். பல எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியால் திரும்பி, கொதிப்பு இன்னும் மோசமாகும்.

டைமிங் பெல்ற்றைப் பற்றி விவாதமே தேவையில்லை. வண்டி கைக்கு வந்ததும் மாற்றுங்கள். ஒவ்வொரு 100,000 கிலோமீற்றருக்கும் மாற்ற வேண்டும், அதை நினைவூட்ட டாஷ்போர்டில் ஒரு விளக்கும் வைத்திருக்கிறார்கள். ஆனால் முப்பது வருட வண்டியில் மீற்றர் உண்மை சொல்கிறதா என்பது ஒருவருக்கும் தெரியாது. பெல்ற் அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதும். பெல்ற்றோடு அதன் உருளையையும், எட்டக்கூடிய ஒயில் சீல்களையும் சேர்த்து மாற்றினால் ஒரே கூலி.

டீசல் பக்கம் கவனம் வேண்டியது தொட்டியில். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய மக்கள் நாங்கள். அந்த அனுபவத்தை நம்பி இந்த டீசல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கலக்கக் கூடாது. இதன் பம்ப்புக்கு மசகு டீசல்தான், வேறு ஒயில் இல்லை. மண்ணெண்ணெய் மெல்லியது, பம்ப்பின் உள் பாகங்கள் உராய்ந்து தேயும், அதைச் சரிசெய்யும் செலவு பெரிது. நீண்ட காலம் நின்ற வண்டியின் தொட்டியைக் கழற்றிக் கழுவி, பில்டரை மாற்றி, அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகே முதல் ஸ்ரார்ட்.

இத்தனைக்கும் பிறகுதான் எஞ்சினின் உடல்நிலை. அதைத் திறப்பதற்கு முன் கொம்பிறஷன் பாருங்கள். 2L, 3L எஞ்சின்களில் நல்ல சிலிண்டர் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ அளவில் காட்டும். எல்லை 20. சிலிண்டர்களுக்கு இடையில் 5க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இந்த எல்லைக்குள் நின்று, கூலன்ற் குறையாமல், ஒயிலோடு தண்ணீர் கலக்காமல் இருந்தால் எஞ்சினை அவிழ்க்க வேண்டாம். காலையில் மட்டும் வெள்ளைப் புகையோடு இருமினால் ஹீற்றர் பிளக்குகளைச் சோதியுங்கள். நன்றாக ஓடும் எஞ்சினை “ஒருக்கா திறந்து பார்ப்பம்” என்று அவிழ்த்து, லேத் வேலை, காத்திருப்பு, பணத் தட்டுப்பாடு என்று வண்டி மறுபடி வளவிலேயே படுத்துவிட்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

மின்சாரத்தில் முதல் வேலை எர்த். பற்றரியிலிருந்து சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் போகும் கம்பிகளின் முனைகளைக் கழற்றி, இரும்பு மினுங்கும்வரை தேய்த்து, கிறீஸ் பூசி இறுக்குங்கள். வண்டி நிற்கும்போது பற்றரியில் 12.6 வோல்ற், ஓடும்போது 14 வோல்ற்றை ஒட்டிக் காட்ட வேண்டும். சாவியைத் திருப்பும்போது ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்து ஸ்ரார்ட்டர் சுற்றாவிட்டால் உடனே புது ஸ்ரார்ட்டர் வாங்காதீர்கள். டென்சோ ஸ்ரார்ட்டருக்குள் தேய்ந்துபோகும் இரண்டு சிறு செம்புத் துண்டுகள் உண்டு. அவற்றை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். முன் விளக்குகளுக்குத் தனி றிலே போட்டால் பழைய சுவிச் உருகாது, வெளிச்சமும் கூடும்.

சில்லைத் தூக்கி ஆட்டி ஸ்ரியரிங் முனைகளையும் போல் ஜொயின்ற்களையும் பாருங்கள், ஆடுவதை மாற்றுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கத்தில் தயாரித்த வாரமும் வருடமும் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்து 23ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் குடும்பத்தை ஏற்ற வேண்டாம். சீமெந்து ஏற்றுவதற்காக முன்னைய உரிமையாளர் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டிருந்தால், உங்களுக்கு அந்தச் சுமை இல்லையென்றால் கழற்றிவிடுங்கள். முதுகுக்கு நல்லது, பின் சில்லுகளும் வீதியை நன்றாகப் பிடிக்கும்.

பெயின்ற் கடைசி. வெளி மினுக்கத்துக்கு முன் சேசிஸின் உட்புறத்துக்கும் கதவுகளின் அடிக்கும் மெழுகு போன்ற கறள் தடுப்பான் அடிக்கக் கொடுங்கள், வடிகால் துளைகளைத் திறந்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் கொழும்புக்குப் புறப்பட வேண்டாம். முதல் வாரங்களில் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓட்டுங்கள். காலையில் தரையில் என்ன சொட்டியிருக்கிறது, கூலன்ற் எவ்வளவு குறைந்தது, எந்தச் சில்லு கூடச் சூடாக இருக்கிறது என்று பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். புதிதாகப் போட்ட குழாய்களின் கிளிப்புகள் சூடாகி ஆறும்போது தளரும், அவற்றை மறுபடி இறுக்க வேண்டும். அடுத்தது ஏ9 வீதியில் கிளிநொச்சி வரை ஒரு பயணம், நடுப்பகல் வெயிலில், பாதிச் சுமையோடு. ஊசி நடுவை விட்டு அசையாமல் போய் வந்தால் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், சான்றிதழோடு வருமான அனுமதிப்பத்திரத்தை எடுங்கள். தெற்குப் பயணம் அதற்குப் பிறகு.